மூச்சைப் பிடிக்கச் சொன்ன அக்கா

எங்களைவிட்டு அக்கா பிரிந்து ஓராண்டு ஆகிறது. எழுதத் தெரிந்தவன் என்று குடும்பம் என்னைத் தவறாக நம்புவதால் இதை நான் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது புனேயின் நிக்டி காலனியில். அப்பா திடீரெனக் காலமானதால், சீக்கிரம் வேலை கிடைக்கும் என்று எக்ஸ்ரே டிப்ளமோ படித்தார். அந்தச் சம்பளத்தில் நான் ஒரே பட்டத்தை மெதுவாக, ருசித்துப் படித்தேன். அக்கா நாற்பது வயதுக்குமேல், தம் பிள்ளை வயதுக்காரர்களோடு உட்கார்ந்து பட்டப்படிப்பு முடித்து சி.டி. ஸ்கேன் பிரிவுக்கு உயர்ந்தார். பிறகு எம்.ஆர்.ஐ. பயிற்சி. கல்யாண வீடுகளில் உறவினர்கள் ஃபிலிமை நீட்டினால், "படம் எடுக்கிறதுதான் நான். பார்த்துச் சொல்றது ரேடியாலஜிஸ்ட். முதல்ல சாப்பிடுங்க" என்பார்.

புனேயில் கராடிப் பக்கம் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் தமிழ்நாட்டிலிருந்து வரும் பெற்றோர், மூச்சைப் பிடிக்கச் சொல்லி ஸ்கேன் இயந்திரம் இந்தியிலும் மராத்தியிலும் இடும் உத்தரவு புரியாமல் மூச்சு விட்டுவிடுவார்கள், படம் கலங்கிவிடும். அவர்களுக்காக அக்கா அதைத் தமிழில் பேசி இயந்திரத்தில் பதிவு செய்தார். நோயுற்று அதே மேஜையில் தாமே படுத்தபோது, தாம் பழக்கிய ஸ்டெல்லாவிடம், "மராத்தியில போடும்மா. நானே சொல்லி நானே கேக்கணுமா?" என்றாராம்.

அவர் போன பிறகுதான் தெரிந்தது, எங்களிடம் அக்காவின் குரலே இல்லை. கல்யாண வீடியோவில் வாயசைக்கிறார்; நாதஸ்வரம்தான் கேட்கிறது.

சென்ற மாதம் அக்கா வேலை பார்த்த மருத்துவமனைக்குப் போய், இடுப்பு வலி என்றேன்.

"டாக்டர் சீட்டு எங்கே அங்கிள்? சும்மா ஸ்கேன் எடுத்தா மேடம் என்னைக் கொன்னுருவாங்க" என்றாள் ஸ்டெல்லா.

"மேடம்தான் இல்லையேம்மா."

"அதுக்காக ரேடியேஷன் கம்மியாயிடுமா?"

அக்காவின் குரலைக் கேட்கத்தான் வந்தேன் என்ற உண்மையைச் சொன்னேன். ஸ்கேன் எடுக்காமல் குரலை மட்டும் ஓடவிட்டாள்.

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க."

வீட்டில் என்னை அதட்டிய அதே குரல். காலி மேஜைக்கருகே நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப விடலாம்."

"இன்னொரு வாட்டி போடட்டுமா அங்கிள்?" என்றாள். வாசலில் சக்கர நாற்காலியில் ஓர் அம்மா காத்திருந்தார். கோயம்புத்தூராம். வேண்டாம் என்று வெளியே வந்தேன்.

அக்காவைக் கடைசிவரை கவனித்த மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்த காலனிக்காரர்களுக்கும், ஸ்டெல்லாவுக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்த அம்மாவுக்கும். ஈயத்தகடு பதித்த கதவு சாத்தியபின் எனக்கு எதுவும் கேட்கவில்லை. உள்ளே அக்கா பேசியிருப்பார், அந்த அம்மா கேட்டிருப்பார்.