அம்மா மச்சம் விட்ட காலம்

எங்கள் வீட்டு அடுப்படியில் அம்மாவுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி இருந்தது. ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்குத்தான் அதில் கறி வைக்கலாம். தலைமன்னாரில் கடல்தொழில் செய்யும் வீட்டில் பெரிய சட்டியில் மீன் கொதிப்பது ஒரு செய்தியே அல்ல. பக்கத்தில் சின்னச் சட்டியில் பூசணிக்காயோ கத்தரிக்காயோ வேகும்போதுதான் வந்தவர்கள் எட்டிப் பார்த்து, இது யாருக்கு என்று கேட்பார்கள். அம்மா வாயால் பதில் சொல்லமாட்டார், என்னைத் திரும்பிப் பார்ப்பார். கேட்டவர்களுக்கு விளங்கிவிடும். எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருக்கும்.

நான் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கத் தொடங்கியபோதே அம்மா நேர்ந்துவிட்டார். எனக்கு மருத்துவபீடத்தில் இடம் கிடைக்கும்வரை மச்சம் தொடுவதில்லை என்று மாதாவுக்கு வாக்கு. மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீன், இறைச்சி, முட்டை எல்லாம் அடக்கம். கருவாட்டுத் துண்டுக்குக்கூட விலக்கில்லை. இரண்டு வருடத்தில் காரியம் முடிந்துவிடும் என்று நினைத்திருப்பார், பாவம். அம்மாவின் நேர்த்திகளைச் சிரித்துத் தள்ளிவிடவும் என்னால் முடியாது. தமிழ்நாட்டு முகாமில் நாங்கள் இருந்த காலத்தில், சொந்த மண்ணுக்குத் திரும்பினால் மடு மாதா கோயிலுக்கு நடந்தே வருவேன் என்று நேர்ந்தவர் அவர். திரும்பினோம், நடந்தார். கால் முழுவதும் கொப்புளத்தோடு வந்து படுத்தவரின் முகத்தில் இருந்த நிம்மதியைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். அம்மாவைப் பொறுத்தவரை, நாங்கள் ஊர் வந்ததற்குக் காரணம் கப்பலோ கடுதாசியோ அல்ல, அந்த வாக்குத்தான்.

முதல் தரம் பரீட்சை எழுதி, இடம் கிடைக்கத் தேவையான வெட்டுப்புள்ளிக்கு வெகு தூரத்தில் நின்றேன். இரண்டாம் தரம் கிட்ட வந்து நின்றேன். கிட்ட வந்து நிற்பதுதான் மோசம். தூரத்தில் நின்றால் சனம் பேசாமல் விட்டுவிடும், கிட்ட நின்றால் ஆறுதல் சொல்ல வரும். பல்கலைக்கழகத்துக்குப் போக மூன்று தரம்தான் பரீட்சை எழுதலாம். எனக்கு மிஞ்சியிருந்தது கடைசித் தரம். இன்னொரு வருடம் புத்தகத்தோடு வீட்டிலேயே கிடந்தால் தலை கழன்றுவிடும் என்று பயந்து, மன்னார்ப் பட்டினத்தில் ஒரு தொழிற்கல்லூரியில் தாதி உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தேன். பகலில் அங்கே பயிற்சி, பின்னேரம் ரியூசனும் வீட்டில் மூன்றாம் தரத்துக்குப் படிப்பும்.

ஊர் சும்மா இருக்குமா? நான் உயிரியல் படிக்கத் தொடங்கியதிலிருந்தே அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்கள் எனக்கு டொக்டர் பட்டம் கொடுத்துவிட்டிருந்தார்கள். தூண்டில் ஏறிய விரலையும் வீங்கிய முழங்காலையும் கொண்டுவந்து காட்டி, என்ன மருந்து போடலாம் என்று கேட்பார்கள். இப்போது அவர்களே, டொக்டருக்குப் படிக்கப் போனது நோயாளிக்குக் கட்டில் விரிக்கப் போகிறதாம் என்று பகிடி பண்ணினார்கள். அம்மா அசையவில்லை. "அவள் ஆஸ்பத்திரிப் பக்கம்தானே போறாள், கச்சேரியில கிளாக்கர் வேலைக்குப் போகேல்லையே" என்று ஒரே போடாகப் போட்டார்.

கட்டில் விரிக்கத்தான் முதலில் படிப்பித்தார்கள். பிறகு நாடி பிடிக்க, இரத்த அழுத்தம் பார்க்க, காய்ச்சல் அளக்க. ஒருநாள் இரத்தச்சோகையை எப்படிக் கண்டுகொள்வது என்று காட்டினார்கள். கண்ணின் கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து, உள்பக்கத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நாங்கள் சோடி சோடியாக இருந்து ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தோம். எல்லோருக்கும் உள்ளே நல்ல சிவப்பு. ஹீமோகுளோபின் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் பக்கம் பக்கமாக எழுதக்கூடியவள் நான். ஆனால் அதுவரை ஒரு மனிதரின் இமையை இழுத்துப் பார்த்ததில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும், படித்ததைக் காட்டும் புளுகத்தில், சந்தோசம் தாங்காமல், அம்மாவை வாசல் வெளிச்சத்தில் கதிரை போட்டு இருத்தி இமையை இழுத்தேன். உள்ளே சிவப்பைக் காணவில்லை. அரிசிக் கஞ்சியின் நிறம்தான் இருந்தது.

அம்மா சிரித்துக்கொண்டு, "என்ன பிள்ளை, என்ன தெரியுது?" என்று கேட்டார். நான் மற்றக் கண்ணையும் இழுத்துப் பார்த்தேன். முற்றம் கூட்டும்போது பாதியில் குந்திவிடுவது, தண்ணீர் அள்ளிவிட்டுக் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது, இவையெல்லாம் என் கண்முன்னே எத்தனையோ நாளாக நடந்தவை. வெயில் என்று அம்மா சொல்வார், நானும் வெயில் என்றே நம்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நன்றாகக் குறைந்துதான் இருந்தது. வைத்தியர் இரும்புச்சத்துக் குளிசை எழுதித் தந்து, மீனும் ஈரலும் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்றார். மச்சம் விட்டிருப்பதாக அம்மா சொன்னதும், மன்னாரில் இருந்துகொண்டா என்று சிரித்தார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தார். குளிசை வயிற்றைப் பிரட்டியது. ஒருநாள் போடுவார், இரண்டு நாள் விடுவார். சின்னச் சட்டி அடுப்பிலேயே இருந்தது. நான் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், பங்குச் சுவாமியிடம் போய் முறையிட்டேன். அவர் வீட்டுக்கே வந்து, இந்த நேர்த்தியைச் செபமாலையாகவோ ஏழைகளுக்குச் சாப்பாடாகவோ மாற்றிக்கொள்ளலாம், அதற்குத் திருச்சபையில் இடமுண்டு என்று எடுத்துச் சொன்னார். அம்மா கைகட்டி நின்று எல்லாவற்றுக்கும் "ஓம் சுவாமி, ஓம் சுவாமி" என்றார். அவர் போனதும் கத்தரிக்காயை எடுத்து வெட்டத் தொடங்கினார்.

அதன் பிறகு என்னால் படிக்க முடியவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடும், மனம் ஓடாது. மூன்றாம் தரமும் தவறினால் அதற்குப் பிறகு இன்னொரு தரம் இல்லை. அப்படியென்றால் அம்மாவின் வாக்குக்கு முடிவே இல்லை. சாகும்வரை மச்சம் இல்லை, அந்தச் சாவும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. மற்றப் பிள்ளைகள் டொக்டராக வேண்டும் என்று எழுதுகிறார்கள், நான் அம்மாவின் சோற்றுக் கோப்பையில் ஒரு மீன்துண்டு விழ வேண்டும் என்று எழுத வேண்டியிருந்தது. ரியூசனில் வைத்த மாதிரிப் பரீட்சையில் என் பெயரை எழுதிவிட்டு அப்படியே இருந்தேன். வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வலை பின்னிக்கொண்டிருந்த அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். அம்மாவைக் கூப்பிட்டு, "இஞ்சேர், அவள் சோதினைக்குப் பயப்பிடேல்லை. உனக்குத்தான் பயப்பிடுறாள்" என்றார்.

பரீட்சைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போன அம்மா, எல்லோரும் வந்த பிறகும் வரவில்லை. வெகுநேரம் கழித்து வந்து சமைத்தார். மத்தியானம் எனக்கு எதிரே வந்து இருந்தார். அவருடைய சோற்றில் விளைமீன் துண்டு ஒன்று இருந்தது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"மாதாவுக்கு முன்னால நிண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்" என்றார். "கோவமெண்டால் என்னோட வச்சுக்கொள்ளட்டும், பிள்ளையில காட்ட வேண்டாம் எண்டு. இனி நீ உனக்காக எழுது."

எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறேன்! ஆனால் அம்மாவின் விரல் மீனில் பட்டதும் நான் சோறு பிசைவதை நிறுத்திவிட்டேன். ஐயோ, இனி எனக்குக் கிடைக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். நேர்த்தியாவது ஒன்றாவது, எல்லாம் மூடநம்பிக்கை என்று அம்மாவோடு சண்டை பிடித்த விஞ்ஞான மாணவி நான், அந்தத் துண்டைத் தட்டிப் பறித்துவிடலாமா என்று கை துடிக்க இருந்தேன். அம்மாவோ முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து, மெதுவாகச் சாப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. ருசித்துச் சாப்பிடுகிறவரின் முகம் அல்ல அது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேர்த்தியை அரைகுறையாக நம்பிய எனக்கே இந்தப் பயம் என்றால், முழுதாக நம்பிய அவருக்கு எப்படி இருக்கும்? ஒவ்வொரு வாய்க்கும் என்னுடைய இடத்தைத் தன் கையாலேயே பறிப்பதாக நினைத்துக்கொண்டு, நான் நிம்மதியாக எழுத வேண்டும் என்பதற்காக அவர் விழுங்கிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்து என் சோற்றைப் பிசைந்தேன்.

நிம்மதி எங்கே வந்தது? முன்பு அவர் சாப்பிடுவதற்காக எழுத வேண்டியிருந்தது, இப்போது அவர் சாப்பிட்டுவிட்டதற்காக எழுத வேண்டியிருந்தது. நான் தவறினால் ஆயுள் முழுக்க அந்த மீன்துண்டைத்தான் குற்றம் சொல்வார், என்னைச் சொல்லமாட்டார். ஆனாலும் எழுதினேன். என்ன எழுதினேன் என்று கேட்டால் தெரியாது. பிறகு காத்திருந்த மாதங்களில் அம்மா நாள் தவறாமல் மச்சம் சாப்பிட்டார், மருந்து குடிப்பதைப் போல. மூச்சு வாங்குவது குறைந்தது. பெறுபேறு பற்றி மட்டும் ஒருநாளும் வாய் திறந்து கேட்கவில்லை.

இப்போது நான் மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம். கூடப் படிப்பவர்களில் பலர் முதல் தரத்திலேயே வந்தவர்கள், வயதில் எனக்குத் தம்பி தங்கைகள். தொழிற்கல்லூரியில் கட்டில் விரித்துவிட்டு வந்தவள் என்று நானே சொல்லிச் சிரிக்க வைப்பேன். பரீட்சை நெருங்கும்போது, எங்களைப்போல் யாருக்குப் பயமிருக்கும் என்று அவர்கள் புலம்புவார்கள். வெட்டுப்புள்ளி வெளியான அந்தக் காலைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

அம்மா முற்றத்தில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நான் கைபேசியோடு ஓடிப்போய், "கிடைச்சிட்டுது அம்மா" என்றேன். அப்பா பக்கத்து வீட்டுக்குச் சொல்ல ஓடினார். அம்மா எழும்பவில்லை, சிரிக்கவும் இல்லை. கையை அப்படியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"அப்ப நான் சாப்பிட்டதால உனக்கு ஒண்டும் நடக்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

இல்லை அம்மா என்றேன். அதற்குப் பிறகுதான் அழுதார்.