அவர் எப்படி இருப்பார்?

மருந்து கவுண்டரிலிருந்து இஸ்திரி அக்கா திரும்பிப் பார்த்தாள். கணவர் உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

பெயிண்டர் அவர், சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வழியும் தெரியாது, வாகனமும் தெரியாது. நடக்க ஆரம்பித்தால் நடந்துகொண்டே இருப்பார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டினாலோ, லாரிகள் இரையும் நெடுஞ்சாலை.

கழிப்பறை, மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் ஓடிப் பார்த்துவிட்டு, வரவேற்பில் நின்ற காவலாளிப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிழைக்க வந்த வெளிநாடு; அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும்.

"அவர் எப்படி இருப்பார்? என்ன போட்டிருக்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஹோட்டல் சலவைக்கூடத்தில் நாளெல்லாம் படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுவிட்டு, சனிக்கிழமை மாலைகளில் ஆங்கில வகுப்புக்குப் போகிறவள் அக்கா. அங்கே ஒருவர் இதே கேள்விகளைக் கேட்க, இன்னொருவர் சுவரில் மாட்டிய படத்து ஆளை வர்ணிக்க வேண்டும். டீச்சரிடம் இருந்தது ஒரே படம். "அக்கா, உங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிச்சுடுவீங்க போல" என்று பக்கத்து பெஞ்சு டிரைவர் கிண்டல் செய்வான்.

பயத்தில் நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடிவிட்டது. உயரமானவர், ஒல்லியானவர், கண்ணாடி போட்டிருப்பார், கறுப்புக் கோட்டு அணிந்திருப்பார். ஒரு தடங்கல் இல்லை. காவலாளிப் பெண் அதை அப்படியே வாக்கி டாக்கியில் சொன்னாள்.

சற்று நேரத்தில் ஒருவரை அழைத்து வந்தார்கள். உயரம், ஒல்லி, கண்ணாடி, கறுப்புக் கோட்டு. யாரையோ பார்க்க வந்த அந்த மனிதர் கடுகடுவென்று நின்றார்.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் எல்லோரும் படத்து ஆளைத் தேடியிருக்கிறார்கள்! கணவர் இவர்களைக் கடந்தே போயிருப்பார். தன் வாயாலேயே புருஷனைத் தொலைத்துவிட்டாளே.

"இவர் இல்லம்மா. இது படத்துல இருக்கறவன்." தமிழில்தான் வந்தது. தன் உச்சந்தலை மட்டத்தில் கை வைத்து உயரம் காட்டினாள். தலையைத் தடவி, முடி இல்லை என்று கையை விரித்தாள். காவலாளியின் நீலச் சட்டையைப் பிடித்து, "திஸ் கலர், திஸ் கலர்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. மறுபடி வாக்கி டாக்கியில் பேசினாள். வெளியே ஒரு லாரி நீளமாக ஹாரன் அடித்தது. அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வெளி வாசலிலிருந்து பதில் வந்தது. ஆள் கிடைத்துவிட்டார், ஆனால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறாராம். காவலாளிப் பெண் வாக்கி டாக்கியை அவளிடமே நீட்டினாள்.

"என்னங்க, அந்த ஆளோட வந்துடுங்க."

"நீங்க யாரு?"

"நான்தாங்க."

"எல்லாரும் நான்தான்னுதான் சொல்வாங்க. என் பொண்டாட்டி எப்படி இருப்பா? சொல்லுங்க பாப்போம்."

எந்த வகுப்பிலும் அவள் தன்னை வர்ணித்ததில்லை.

"குள்ளமா இருப்பா. முன்பல்லு ஒண்ணு கோணல். கையில இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு."

"இன்னும்?"

"வாயாடி. நீங்க விழுந்ததுலேர்ந்து சரியாத் தூங்கறதில்ல. இப்போ ஆஸ்பத்திரிக்குள்ள பயந்துபோய் நிக்கறா."

கரகரப்புக்கிடையே அவர் குரல் தணிந்து வந்தது.

"அழறாளா?"

"அழறா."

"அப்போ நான் வரேன். பாவம், அவ தனியா அழுவா."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் ஒரு காவலாளியின் கையைப் பற்றியபடி அவர் வந்தார். எதிர்ப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும், அழுகிறாளா என்று நின்று நின்று பார்த்தார். கண்ணைத் துடைக்கப் போன அக்கா, கையை இறக்கிக்கொண்டாள்.