சிவபாதம் அண்ணையின் சைக்கிள் ஜிக்

செவ்வாய்க்கிழமை காலை, சந்தைக்குப் போகச் செருப்பை மாட்டும்போது வெள்ளவத்தையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. சிவபாதம் அண்ணையின் மகள். "அன்ரி, அப்பா விடியப்புறம் மோசம் போயிட்டார்." செத்தவீடு எப்போது என்று மட்டும் கேட்டேன். நான் செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தவர் அவர். குடும்பம் யாழ்ப்பாணத்தில், வேலை கொலன்னாவைப் பக்கம் ஒரு பட்டறையில். என் கணவர் அப்போது மத்திய கிழக்கில் இருந்தார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நானும் இரண்டு சிறு பிள்ளைகளுந்தான் வீட்டில். அண்ணை ஆறடிக்கு மேல் வளர்ந்தவர். பஸ்ஸில் கூனிக்கொண்டுதான் நிற்பார். கடைச் சைக்கிளில் ஏறினால் முழங்கால் ஹாண்டிலில் இடிக்கும். வேறொருவர் என்றால் தலைவிதி என்று விட்டிருப்பார். இவர் தன் அளவுக்கு ஒரு சைக்கிளைத் தானே செய்வதென்று முடிவெடுத்தார்.

அதற்கு முதலில் ஒரு ஜிக் வேண்டுமாம். குழாய்களைச் சூடாக்கி ஒட்டும்போது அவை இம்மியும் அசையாமல் பிடித்திருக்கும் இரும்புச் சட்டகம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய தடித்த தகட்டில், உடைந்த இரும்புக் கட்டிலின் கால்களை நிறுத்தி, போல்ட் போட்டு இறுக்கினார். பிறகு ஏழு மாதம், ஞாயிறு தவறாமல், ரசமட்டமும் தூக்குக்குண்டும் நூலுமாக அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அண்ணை, இது சைக்கிளோ கொடிமரமோ?" என்று நையாண்டி பண்ணுவேன்.

"ஜிக் கோணினா சைக்கிள் கோணும், ரீச்சர். பிறகு ஓடுறவனும் கோணித்தான் ஓடவேணும்" என்பார், தலை நிமிராமல்.

நகரில் குண்டு வெடித்திருந்த ஒரு வாரம் அது. ஒரு காலை, பக்கத்து வீட்டு முஸ்லிம் ராத்தா மூச்சிரைக்க ஓடிவந்தார். "தங்கச்சி, ஒங்கட அறைக்கார மனுசன ரோட்டுச் சென்றியில பொலிஸ் மறிச்சுப் புடிச்சிட்டாங்க. பொக்கட்ல என்னமோ படம் இருந்திச்சாம். ஊட்டப் பாக்க வாராங்களாம்."

முன்னறையைத் திறந்தேன். நான் தினமும் கண்ட ஜிக்தான். ஆனால் பொலிசின் கண்ணால் பார்த்தபோது, எதையோ ஏவுவதற்கு நிறுத்தி வைத்த பொறியாகவே தெரிந்தது. ஸ்பானரை எடுத்து, நட்டு நட்டாகக் கழற்றினேன். இரும்புக் கால்களை அரிசிப் பெட்டிக்குப் பின்னால் திணித்தேன். நட்டுகளை அரிசிக்குள் புதைத்தேன். அந்த நேரம் அண்ணை பொலிசில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? "இந்தப் படத்தில இருக்கிறது சைக்கிள் செய்யிற ஜிக், சேர். வீட்டில நிக்குது. வந்து பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

ஜீப் வந்தது. மூன்று பொலிஸ்காரருக்கு நடுவில் அண்ணை. அறையில் வெறும் தகடு கிடந்தது.

"எங்க நீ சொன்ன மெஷின்?" சார்ஜன் சிங்களத்தில் கேட்டார்.

அண்ணை தகட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என் விரல்களில் இருந்த கிறீஸைப் பார்த்தார். நான் கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"காலமை நான்தான் கழட்டினனான், சேர். பயத்தில. சொல்ல மறந்திட்டன்."

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. "எங்க ஒளிச்சாய்?"

அவருக்கு எப்படித் தெரியும்? இன்னொரு அறை விழுந்தது. நான் கழற்றினேன் என்று சொல்ல அதுதான் நேரம். பிள்ளைகள் இருவரும் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன்: "அரிசிப் பெட்டிக்குப் பின்னாலயும் உள்ளேயும் அவர் வைக்கிறதைக் கண்டனான்."

அண்ணை என்னை மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

"கழட்டினதைத் திருப்பிப் பூட்டிக் காட்டு" என்றார் சார்ஜன். நீட்டிய துவக்குகளுக்கு நடுவில், வீங்கிய கன்னத்தோடு, அண்ணை தகட்டின் முன் குந்தினார். முதல் கால், இரண்டாம் கால். நட்டுகளில் ஒட்டியிருந்த அரிசியை ஊதினார். ஒரு மணித்தியாலத்தில் சார்ஜன், "சரி, போதும்" என்றார்.

"இன்னும் நேரா வரேல்ல, சேர். இந்த நூலை ஒருக்காப் பிடியுங்கோ."

சார்ஜன் முறைத்தார். பிறகு துவக்கைச் சுவரில் சாத்திவிட்டு, நூலின் மறுமுனையைப் பிடித்தார். அண்ணை, சைக்கிளுக்கென வாங்கிக் கட்டிலடியில் வைத்திருந்த குழாய்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். கடைசிக் குழாய் அமர்ந்ததும், சைக்கிள் என்பது யாரும் சொல்லாமலே தெரிந்தது. வாக்குமூலம் எழுதிக்கொண்டு, பின்னேரம் விட்டுவிட்டார்கள்.

நான் தேத்தண்ணியோடு போனேன். கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தேன். அவரே சொன்னார்: "உங்களைக் கொண்டுபோயிருந்தா பிள்ளையளை ஆர் பார்க்கிறது, ரீச்சர்? ஜிக்கில பின்பக்கம் அரை நூல் அளவு சரிவு இருந்தது. இப்ப அதுவும் சரி."

அந்த ஜிக்கில் பிறந்த கறுப்புச் சைக்கிளில்தான் அவர் கொலன்னாவைக்குப் போய் வந்தார். குடும்பம் வந்து வெள்ளவத்தைக்கு மாறிய பிறகும் அதில்தான் ஓடினார். நேற்றுச் செத்தவீட்டில், படிக்கட்டடியில் அது சாத்தியிருந்தது. மகள் வந்தவர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார்: "அப்பா சரியான பயந்தாங்கொள்ளி. தானே கழட்டி ஒளிச்சுப்போட்டு, தானே பொலிசையும் கூட்டிக்கொண்டு வந்தவராம்!" எல்லாரும் அழுகையினூடே சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர்களிடம்கூட அண்ணை உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

நானும் சேர்ந்து சிரித்தேன். அன்று போலவே நேற்றும் உண்மையை மறைத்துக்கொண்டு.

மகளே, இனி அந்தக் கதையைச் சரியாகச் சொல்லுங்கள். உங்கள் அப்பா பயந்தவர் அல்ல. கழற்றியவளும் ஒளித்தவளும் அவர் தலையில் போட்டவளும் நான்தான். சிவபாதம் அண்ணை, அன்று சார்ஜனுக்குச் சொல்ல வேண்டியதை இன்று ஊருக்குச் சொல்லிவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.