முட்டுக் கொடுத்த வரிசை

என் அம்மா தெயோபிஸ்டா நன்சிகோம்பி மசாகா நகருக்கு அருகே அரை ஏக்கர் வாழை வைத்திருந்தாள். அப்பா இறந்த பிறகு அதை வைத்துத்தான் எங்கள் மூவரையும் வளர்த்தாள்.

நான் நூற்புழு ஆராய்ச்சியாளர். கடலடிச் சேறு, மரப்பாசி, புளித்த காடி, நாயின் இதயம் என்று அவை வாழும் இடங்களைப் பற்றி இரண்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுவேன். அம்மாவுக்கு அது ஒரே வாக்கியம்: “எம் பொண்ணு பூச்சி டாக்டர்.” அதை நம்பி ஊர்க்காரர்கள் பிள்ளைகளின் மலத்தை இலையில் மடித்து எடுத்து வருவார்கள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய வாழைகள் குலையோடு சாய்ந்தன. வேரைப் பிளந்தேன், உள்ளே நூற்புழு தின்ற செந்நீலத் திட்டுகள். எங்கள் மொழியில் நூற்புழுவுக்குத் தனிப்பெயர் கிடையாது. “வேர்ல என்ஜோக்கா இருக்கும்மா” என்றேன். அது வயிற்றுப் பூச்சியைக் குறிக்கும் சொல். அடுத்த முறை போனபோது, மரத்துக்கு இரண்டு பூச்சி மாத்திரை வீதம் பொடித்துத் தூவியிருந்தாள்.

“பெரிய மரத்துக்கு மூணு போட்டேன். சரிதானேடி?”

இதை அலுவலகத்தில் நடித்துக் காட்டிக் கைதட்டல் வாங்கினேன்.

பிறகு முறைப்படி சொன்னேன். தோப்பை அழித்துவிட்டு நிலத்தைக் கொஞ்சகாலம் ஆறப்போட வேண்டும். கன்றுகளின் வேரைச் சீவி, கொதிநீரில் அரை நிமிடம் முக்கி நட வேண்டும். அம்மா எல்லா வாழைகளையும் வெட்டினாள். இரண்டு வருடம் சந்தையில் வாழைக்காய் வாங்கித் தின்றாள். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு அதைவிட அவமானம் இல்லை. புதுத் தோப்பு எழும்பியது. நான் கட்டுரை எழுதினேன்.

போன மாதம் அவள் இறந்தாள். அடக்கத்துக்குப் போனபோது பார்த்தேன்: வாசலிலிருந்து வீட்டுக்கு வெளியே இருக்கும் அடுப்படி வரை, பாதையோரத்து வரிசை மட்டும் கவைக்கம்புகளின் தயவில் நின்றது. துக்கத்துக்கு வந்தவர்கள் பார்க்க, மண்டியிட்டு வேரைக் கீறினேன். செந்நீலம்.

நான் நடந்து வரும் பாதை அது. ஆய்வு வயலில் புழு விட்டு வளர்த்த மண்ணை மிதித்த பூட்ஸோடு ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறேன். பூட்ஸைக் கழுவச் சொல்லும் துண்டறிக்கையை எழுதியதும் நான்தான்.

“இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா டாக்டரம்மா?” என்றாள் பக்கத்து வீட்டுக் கெவினா. “ஒரு வருஷமா உங்கம்மா கம்பு நட்டுக்கிட்டிருந்தா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லையே சித்தி.”

“நீ வர்ற அன்னிக்குக் கம்பு மேல துணி காயப்போட்டு மறைச்சிடுவா. ஏண்டின்னு கேட்டேன். ‘தெரிஞ்சா வெக்கப்பட்டு வர்றதையே நிறுத்திடுவா’ன்னா.”

அந்தத் துணிகளைப் பார்த்து, அம்மாவுக்குச் சுத்தம் அதிகமாகிவிட்டது என்று நினைத்திருந்தேன்.

வந்தவர்களுக்குச் சமைக்க அந்த வரிசைக் குலைகளை நானே வெட்டினேன். இலையில் பொதிந்து அவித்தார்கள். காய்கள் சிறுத்திருந்தன. நான் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.