பம்பருக்குக் கீழே ஒரு மஞ்சள் விளக்கு

எங்கள் வீட்டு பீரோவின் மேல் ஒரு பழைய லாரி விளக்கு உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்கை அகல மஞ்சள் கண்ணாடி, அடியில் துருவேறிய இரும்புப் பட்டை. வெள்ளையடிக்க வருகிறவர்கள், "இது இன்னாத்துக்கு சார், தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பார்கள். நான் வாய் திறப்பதற்குள் என் மனைவி அவர்களை ஒரு முறை முறைப்பாள். அது அவளுடைய அண்ணன் வாங்கிய விளக்கு. எனக்கு மச்சான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மச்சானும் நானும் சேர்ந்து ஒரு பழைய லாரி வைத்திருந்தோம். மாற்றி மாற்றி நாங்களே ஓட்டுவோம். எண்ணூரில் உர மூட்டை ஏற்றி, போளூர், செங்கம் பக்கத்துக் கிராமங்களில் இறக்க வேண்டும். மச்சான் வயதிலும் அனுபவத்திலும் என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். காசிமேட்டில் எவனையும் வாடா போடா என்று கூப்பிடுகிற வாய், என்னிடம் மட்டும் "வாங்க மாப்ள, போங்க மாப்ள" என்று குழையும். ஒரே தங்கையைக் கட்டிக்கொண்டவன் அல்லவா, நான் சொன்னதை மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டார். எனக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை.

லாரியின் ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியும். கூடுதல் விளக்கு மாட்டலாம் என்று தண்டையார்பேட்டையில் ஒரு பாய் கடைக்குப் போனோம். மச்சான் இந்த மஞ்சள் விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு போதும் மாப்ள. கீய பம்பராண்ட மாட்டிக்கலாம். பனில வெள்ளை லைட்டு நம்ம மூஞ்சிலயே திரும்பி அடிக்கும்."

"இன்னா மச்சான், பார்த்தா மஞ்ச பல்பு போட்ட கறிக்கடை மாரி இருக்காது?" என்றேன். பாய் சிரித்துவிட்டார். மச்சான் விளக்கைக் கீழே வைத்தார். "சரி மாப்ள, உங்க இஸ்டம்."

கேபின் தலையில் வரிசையாக நாலு பெரிய வெள்ளை விளக்கு மாட்டினேன். சாயங்காலம் திருவொற்றியூரில் ஒரு கிடங்குச் சுவரில் அடித்துப் பார்த்தால் சுவர் பளபளவென்று பகல் மாதிரி ஆனது. அங்கேதான் நான் ஏமாந்தேன். கண்டெய்னர் யார்டு விளக்கும் ஆலை விளக்குமாக எங்கள் பக்கம் ராத்திரி என்றாலும் முழு இருட்டு கிடையாது. அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு, இருட்டுக்கு விளக்குப் பொறுக்கினேன். என்னைப் போன்ற வடசென்னைக்காரன்தான் அப்படிச் செய்வான்.

அந்தத் தை மாதம் செங்கம் தாண்டி ஒரு கிராமத்துச் சாலை. நான் ஓட்டினேன், மச்சான் பக்கத்தில். விடிய நேரமிருந்தது, பனி இறங்கிவிட்டது. என் நாலு விளக்கும் பனியில் பட்டு, கண்ணாடிக்கு முன்னால் வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிட்டது போல் ஆனது. "கொஞ்சம் மெதுவா மாப்ள," என்றார். "எல்லாம் தெரியுது மச்சான்," என்றேன். ஒன்றும் தெரியவில்லை. அதை அவரிடம் ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் போனேன்.

திடீரென்று மச்சான் கையை நீட்டி என் விளக்குகளை அணைத்தார். தன் முழங்காலுக்குப் பக்கத்தில் எதையோ தட்டினார். தரையோடு தரையாக ஒரு மஞ்சள் வெளிச்சம் ஓடியது. சாலையில் வரிசையாகக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு முழ நீள நிழல். அதற்கப்பால் காயப்போட்ட கேழ்வரகுக் கதிர். கதிருக்குக் காவலாக, தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு ஒரு மனிதர் படுத்திருந்தார்.

"நிறுத்துடா. கண்ணு கீதா உனக்கு?"

முன் டயர் முதல் கல்லை இடித்துத் தள்ளிவிட்டு நின்றது. அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார். பிறகு உருண்டுபோன கல்லை எடுத்து மறுபடி வரிசையில் வைத்தார். நான் ஸ்டியரிங்கை விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். மிச்சத் தூரத்தை மச்சான்தான் ஓட்டினார்.

விடிந்ததும் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். நாங்கள் பாய் கடைக்குப் போன மறுநாளே அவர் தனியாகப் போய் ஒரே ஒரு மஞ்சள் விளக்கை வாங்கி, எனக்குத் தெரியாமல் பம்பருக்கு அடியில் மாட்டியிருக்கிறார். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச மனசு வரவில்லையாம். அதைச் சாதாரணமாகச் சொன்னவர், வேறொன்றுக்குத்தான் தலை குனிந்தார். "கோவத்துல டா போட்டுட்டேன். மன்சுல வச்சுக்காதீங்க மாப்ள. தங்கச்சியாண்ட சொல்லிடாதீங்க." அந்த நாலு விளக்கையும் நானே கழற்றினேன். அதன் பிறகும் பல வருடம், இரண்டு டம்ளர் டீ உள்ளே போனால் அந்த ஒரு டாவுக்கு மன்னிப்புக் கேட்பார். ஒரு உயிரைக் கொல்லப் போனவன் நான், மன்னிப்புக் கேட்டவர் அவர்.

லாரியை விற்றபோது இந்த விளக்கை மட்டும் கழற்றி என் கையில் கொடுத்தார். போன வருடம் மச்சான் போய்ச் சேர்ந்தார்.

போன வாரம் அதை இறக்கித் துடைத்து, ஒரு பேட்டரியில் சேர்த்துத் தரையில் வைத்தேன். எரிந்தது. வாசற்படியில் கிடந்த செருப்புகளின் நிழல் எதிர்ச் சுவர்வரை நீண்டது. "இன்னொரு தபா டா போடுங்க மச்சான்," என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

"யாராண்ட பேசிகினு கீறே?" என்று சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"உங்க அண்ணனாண்ட." இத்தனை வருடம் மறைத்ததை அன்றுதான் அவளிடம் சொன்னேன். விளக்கை அணைக்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.