பி.டி. பீரியடில் கணக்கு

என் மகள் தாரிணி ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து மீன் வாடையோடு வீட்டுக்கு வந்தாள். அப்போது நாங்கள் நார்வேயில், ஸ்டாவாங்கர் என்ற துறைமுக ஊரில் இருந்தோம். வந்தவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். உள்ளே வடை மாதிரி தட்டிப் பொரித்த மீன் உருண்டைகள். அவளே முள் எடுத்து, அரைத்து, பொரித்ததாம். பள்ளி நேரத்தில், ஆசிரியர் பக்கத்தில் நிற்க, மதியம் முழுக்க இதுதான் வேலையாம். ‘மாத் ஓ ஹெல்செ’ என்று அதற்கு ஒரு பாடமே இருக்கிறது, உணவும் உடல்நலமும் என்று அர்த்தம். மறுநாள் மரவேலை, அதற்கு மறுநாள் நீச்சல். இத்தனைக்கும் நடுவில் கணக்கு என்கிற பாவப்பட்ட பாடம் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டிருந்தது. மீன் உருண்டை ருசியாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுக்க எனக்குக் கை வரவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை மீன் ஆய்ந்த நேரத்தில் திருச்சியில் அவள் வயதுப் பிள்ளைகள் எத்தனை கணக்குப் போட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினேன்.

வகுப்பாசிரியை காரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல பெண்மணி. காபி கொடுத்து உட்காரவைத்தார். என் அரைகுறை நார்வே மொழியில் கேட்டேன்: “கணக்குப் பாடம் முடியவில்லை என்றால் யாருடைய பீரியடை எடுத்துக்கொள்வீர்கள்?” அவர் நெற்றியைச் சுருக்கினார். “யாருடைய நேரத்தை?” “சமையல் பீரியடையோ விளையாட்டு பீரியடையோ.” காரி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவான குரலில், “தாரிணியிடமிருந்து யாராவது எதையாவது பிடுங்கிக்கொள்கிறார்களா? வகுப்பில் அவளை யாராவது தொந்தரவு செய்கிறார்களா?” என்று கேட்டார். இல்லை இல்லை என்று நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கவலை கூடிக்கொண்டே போனது. கடைசியில், மாணவர் நல ஆலோசகரைப் பார்க்கிறீர்களா என்று கேட்டு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

அவர்மீது குற்றமில்லை. நான் கேட்டது புரிய வேண்டுமானால் அவர் திருச்சியில் படித்திருக்க வேண்டும். நான் பொன்மலை ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பாவுக்குப் பணிமனையில் வேலை. எங்கள் பள்ளியில் பி.டி. பீரியடுக்கு மணி அடித்ததும் கணக்கு சார் சாக்பீஸோடு வாசலில் நிற்பார். பி.டி. சார் பின்னாலேயே வருவார். “இன்னைக்கு ஒங்க பீரியட நான் எடுத்துக்கறேன் சார்.” “எடுத்துக்குங்க சார், அதுக்கென்ன.” அவ்வளவுதான், பி.டி. சார் பேப்பர் படிக்கப் போய்விடுவார். ஓவியம், தையல், நீதிபோதனை எல்லாமே இப்படித்தான் போயின. பெரிய பரீட்சை நெருங்கினால் தமிழைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். இதை யாரும் அநியாயம் என்று நினைத்ததில்லை. கணக்கு வீட்டுக்கு மூத்த பிள்ளை, தட்டில் இருப்பதை முதலில் எடுத்துக்கொள்ளும். எனக்குக் கணக்கில் சென்டம். அந்த சென்டம்தான் என்னை இன்ஜினீயரிங்கில் சேர்த்தது, அதுதான் ஸ்டாவாங்கர்வரை கொண்டுவந்து சேர்த்தது. அதனால் அந்த ஏற்பாட்டின்மீது எனக்கு நன்றி மட்டும்தான் இருந்தது.

கணவருக்கு ஓராண்டு வேலையாகத் திருச்சியை அடுத்த திருவெறும்பூர் பக்கம் போகவேண்டி வந்தபோது நான் துள்ளிக் குதித்தேன். என் அண்ணன் வீடு ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதியில் இருக்கிறது. ஓராண்டு எல்லோரும் அங்கே இருப்பது, பிறகு நாங்கள் மட்டும் திரும்புவது, தாரிணி அண்ணன் வீட்டிலேயே தங்கிப் பிளஸ் டூ முடிப்பது. இதுதான் என் திட்டம். கணக்கும் வரும், தமிழும் வரும். வீட்டில் அவளோடு தமிழில்தான் பேசுவோம். ஆனாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் நார்வேக்காரர்கள் மாதிரி மேலே தூக்கி நிறுத்துவாள், கேட்கும் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஒரு வருடம் முடியட்டும், இருப்பதா திரும்புவதா என்று அவளே சொல்லட்டும் என்பது கணவரின் நிபந்தனை. சரி என்று தலையாட்டி வைத்தேன்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தோம். இரண்டாம் வாரம் போன் வந்தது. “ஒங்க பொண்ணு கிளாஸ விட்டு வெளிய போயிட்டாங்க. கொஞ்சம் உடனே வாங்க.” உயிரே போய்விட்டது. ஆட்டோ காவேரிப் பாலத்தைத் தாண்டும்வரை என்னென்னவோ நினைத்தேன். போய்ப் பார்த்தால், மைதானத்தில் தாரிணி தன்னந்தனியாக பாஸ்கெட்பால் ஆடிக்கொண்டிருக்கிறாள். மூன்று மாடி ஜன்னல்களிலும் தலைகள். ஓரத்தில் பி.டி. சார், திட்டுவதா விளையாட்டுச் சொல்லிக்கொடுப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். பி.டி. பீரியடுக்கு மணி அடித்திருக்கிறது. கணக்கு மிஸ் உள்ளே வந்திருக்கிறார். மற்ற பிள்ளைகள் கணக்கு நோட்டை எடுக்க, இவள் ஷூ மாட்டிக்கொண்டு எழுந்து போயிருக்கிறாள். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, “கிரவுண்டுக்கு” என்று சொல்லிவிட்டே போயிருக்கிறாள்.

தலைமையாசிரியை அறையில் எல்லோரும் நின்றோம். கணக்கு மிஸ்ஸுக்குக் கண் கலங்கியிருந்தது. “போர்ஷன் முடியலங்க. எனக்கு ஃப்ரீ பீரியட். நான் பாட்டுக்கு ஸ்டாஃப் ரூம்ல ஒக்காந்திருக்கலாம். இவங்களுக்காகத்தான வந்தேன்” என்றார். அது உண்மைதான், அதனால் எனக்கு இன்னும் தர்மசங்கடமாகிவிட்டது. தலைமையாசிரியை தாரிணியிடம், “டைம்டேபிள்ல போட்டிருக்கறது எல்லாம் அப்படியேவாம்மா நடக்கும்?” என்றார். “அப்பறம் ஏன் மிஸ் போட்டீங்க?” என்று கேட்டாள் தாரிணி. திமிராகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வாசலில் நின்ற பி.டி. சார் தொண்டையைச் செருமினார். “மேடம், அந்த பீரியட்ல கிரவுண்டுக்குப் பிள்ளைங்க வந்தே ரொம்ப நாளாச்சு. பந்துல காத்துகூட இல்ல. இந்தப் பொண்ணு வந்து நின்னுச்சு, அதான் அடிச்சுக் குடுத்தேன். தப்புன்னா நானும் சாரி சொல்லிடறேன்.”

தலைமையாசிரியை என் பக்கம் திரும்பினார். “நீங்களும் இந்த ஊர்ல படிச்சவங்கதான? நீங்களே எடுத்துச் சொல்லுங்க.” நான் தாரிணியிடம், “சாரி சொல்லு” என்றேன். எதற்கு என்று நார்வே மொழியில் கேட்டாள். “சொல்லுன்னா சொல்லு” என்றேன். சொன்னாள். நான் ஆடிப்போயிருந்தேன். இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது என்று வீடு வரும்வரை என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

அதன்பிறகு புகார் எதுவும் வரவில்லை. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் சென்டம் வாங்கினாள். அண்ணி பால்பாயசம் வைத்தாள். தை பிறந்து சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், “இன்னைக்கு பி.டி. இருந்துச்சே, வெளயாடினியா?” என்று கேட்டேன். “கெமிஸ்ட்ரி மிஸ் எடுத்துக்கிட்டாங்க.” “நீ ஒண்ணும் சொல்லலியா?” தலையை நிமிர்த்தாமலே, “போர்ஷன் முடியலம்மா, என்ன பண்ணுவாங்க பாவம்” என்றாள். அசல் திருச்சித் தமிழ். வால் தூக்கவில்லை, எங்கும் பிசிறில்லை. இப்படி ஒரு வாக்கியம் அவள் வாயிலிருந்து வராதா என்று எத்தனை வருடம் ஏங்கியிருக்கிறேன். வந்துவிட்டது. ஆனால் ‘அப்பறம் ஏன் மிஸ் போட்டீங்க’ என்று கேட்டவள் அதில் இல்லை. கையிலிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

காரியிடமிருந்து செய்தி வந்தது: தாரிணி திரும்பி வருகிறாளா, அவளுக்கு இடம் வைத்திருக்கலாமா? கணவர் தன் நிபந்தனைப்படி அவளையே கேட்டார். வருகிறேன் என்று சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் மனம் அடித்துக்கொண்டது. போட்ட திட்டம் என்னுடையது, கெஞ்சுவதும் நான். தாரிணி யோசிக்கவே இல்லை. “இங்கயே இருக்கேன்பா. அங்க போனா மேத்ஸ் டச் விட்டுப்போயிடும்.” அண்ணன் என் முதுகில் தட்டி, “நீ நெனச்ச மாதிரியே நடந்துருச்சு பாரு” என்றான். ஆமாம் என்றேன்.

நாங்கள் கிளம்பியது மே மாதத்தில், கோடை விடுமுறையில். விடுமுறை என்பது பேருக்குத்தான். பத்தாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ் தொடங்கிவிட்டது. மதியத்தோடு விட்டுவிடுவார்கள், பள்ளியிலிருந்து நேராக விமான நிலையம் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். விமான நிலைய வாசலில் அண்ணனும் அண்ணியும் எங்களோடு நின்றுகொண்டிருந்தார்கள். கணவர் கடிகாரத்தைப் பார்ப்பதும் ரோட்டைப் பார்ப்பதுமாக இருந்தார். போன் வந்தது. “அம்மா, மிஸ்தான் அவங்க போன குடுத்தாங்க. கிளாஸ் இழுத்துக்கிட்டே போகுது. டிரிக்னாமெட்ரி ஆரம்பிச்சிருக்காங்க, நடுவுல எழுந்து வர முடியல. நீங்க போயிட்டு வாங்கம்மா.” ஊரில் இருப்பவர்கள் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லும் வார்த்தை அது. ஸ்டாவாங்கரில் பிறந்தவள் பொன்மலையில் பிறந்தவளை அப்படித்தான் வழியனுப்பினாள். “சரிம்மா, நல்லா படி” என்றேன்.

விமானம் மேலே எழும்பித் திரும்பியபோது காவேரியும் கொள்ளிடமும் நடுவில் ஸ்ரீரங்கமும் தெரிந்தன. அவள் உட்கார்ந்திருக்கும் பள்ளி எது என்று தேடினேன். மைதானத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைத்தேன். எத்தனையோ மைதானங்கள் தெரிந்தன, எல்லாமே காலியாக இருந்தன.