அக்கரை சாக்ஸபோன்

நேற்று டிவியில் வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் வந்து இறங்கினார். சிவப்புக் கம்பளம், அணிவகுப்பு, ராணுவ பேண்டு. நான் மூன்றாவது வரிசை டிரம்பட்காரனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயல் வாயில் வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறான், ஊதவே இல்லை. இருபது வருஷம் அதே வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? "ஊரே தலைவரப் பாக்குது, இவுரு பேண்டுக்காரனப் பாக்குறாரு" என்றாள் என் மனைவி.

பித்தளை துடைக்கும் பசையின் நெடி மூக்கில் ஏறிவிட்டது. அந்த நெடி வந்தால் சிவண்ணாவும் வந்துவிடுவான். பட்டாளத்து பேண்டில் நான் டிரம்பட், அவன் சாக்ஸபோன். நான் பென்னாகரம். அவன் ஊர் ஒகேனக்கலுக்கு அக்கரையில், கர்நாடகப் பக்கம்.

ஒருமுறை கூட்டுப் பயிற்சிக்கு வெளிநாட்டுப் படை ஒன்று வந்தது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் இரண்டு பேண்டையும் சேர்த்து உட்காரவைத்தார்கள். அவர்கள் ஜாஸ் வாசித்தார்கள். காகிதத்தில் எழுதாததை வாசிக்க நமக்கு வராது, திருதிருவென்று முழித்தோம். ஒரு நெட்டையன் விரலைக் காட்டியே விளங்கவைத்தான். நாலு சுற்று நான், நாலு சுற்று நீ. நான் வாசித்ததையே திருப்பி வாசிக்காதே, பதில் சொல்.

சிவண்ணா டக்கென்று பிடித்துக்கொண்டான். கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் கீழே சரியவிட்டு, கேள்வி கேட்பதுபோல வெடுக்கென்று தூக்குவான். அதிகாரிகள் சிரித்துவிட்டார்கள். மறுநாள் பேச்சு சுமுகமாக முடிந்ததாம். சமாதானத் தூதர்களுக்கு ஆளுக்கு இரண்டு அவித்த முட்டை கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்று அவரவர் கரைக்கு வந்து சேர்ந்தோம். சிவண்ணாவுக்கு இருதயத்தில் கோளாறு, இனி ஊதவே கூடாது என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்துத் தண்ணீர்த் தகராறு முற்றியது. பஸ் நின்றது, பரிசலும் நிற்கப்போகிறது என்றார்கள். செல்போன் வராத காலம். என்னைப் பார்க்க வந்திருந்தவன் கடைசிப் பரிசலில் ஏறும்போது சொன்னான்:

"குரு, காத்தால ஆறு மணிக்கு ஆத்து வளைவுக்கு வந்து ஊது. நான் பதில் ஊதுனா உசுரோட இருக்கேன்னு அர்த்தம்."

"டாக்டரு ஊதாதன்னாரேப்பா."

"நாலு சுத்துல சாவு வராது, போ."

ஊதுற சங்கை ஊதிவைப்போம் என்று மறுநாள் போனேன். அருவிக்குக் கீழே, இரைச்சல் அடங்குகிற வளைவு அது. பனியில் அக்கரை தெரியவில்லை. நாலு சுற்று ஊதினேன். பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது. கூடவே பயமும் வந்தது. நான் ஊதாவிட்டால் அவனும் ஊதமாட்டான், அவன் நெஞ்சுக்கு நல்லது. ஆனால் அவன் இருக்கிறானா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. சுயநலந்தான், வேறென்ன?

தினமும் போனேன். ஒரு வாரம் கழித்து, காவலுக்கு நின்ற போலீஸ்காரரே, "என்ன சார், இன்னைக்கு அவுங்காளு நம்மள மடக்கிட்டாருங்களே" என்றார். பரிசல்காரர்கள் சிரித்தார்கள்.

அதற்குள் நான் ஒன்றைக் கவனித்திருந்தேன். சிவண்ணா நடுவில் மூச்சே வாங்கவில்லை. நாலு சுற்றையும் ஒரே இழுப்பில் வாசித்தான். உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

இருபதாம் நாள் பரிசல் ஓடியது. முதல் பரிசலிலேயே போனேன். சிவண்ணாவின் மனைவி வாசலில் நின்றாள். கழுத்தில் தாலி இல்லை.

"பரிசல் நின்ன நாலாம் நாளே போய்ட்டாருண்ணா. தூக்கத்துலயே. உங்களுக்கு எப்படிச் சொல்லியனுப்பறதுன்னே தெரியல."

சாக்ஸபோன் பெட்டி பரண்மேல் இருந்தது. பூட்டின்மேல் தூசி. பதினைந்து காலை எனக்குப் பதில் சொன்னது யார் என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"இவுரு போனப்புறம் காத்தால உங்க கரையில ரெண்டு பேரு வாசிச்சீங்களே, கூட வாசிச்சது யாருண்ணா? முடிக்கறப்ப அப்படியே இவுரு மாதிரியே இருந்துச்சு. அதக் கேட்டுட்டுத்தான் தெனமும் எந்திரிச்சு அடுப்பு பத்த வெச்சேன்."

எனக்கு அது அவள் கரையிலிருந்து வந்தது. அவளுக்கு என் கரையிலிருந்து வந்திருக்கிறது. நடுவில் தண்ணீர்தான் ஓடுகிறது.

"எங்க ஊர்க்காரருங்கம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நிறுத்திட வேணாம்னு அவருகிட்டச் சொல்லுங்கண்ணா."

மறுநாள் போய் ஊதினேன். உதடு நடுங்கி ஒரு ஸ்வரம் உடைந்தது. பாறையில் பட்டு என் நாலு சுற்றுதான் திரும்பி வந்தது, உடைந்த ஸ்வரம் உடைந்தபடியே. வெகுநேரம் காத்திருந்தேன். பிறகு அவளுக்காக நானே பதிலையும் ஊதினேன். டிரம்பட்டின் வாயில் துணியை அடைத்து, கடைசி ஸ்வரத்தைச் சரியவிட்டுத் தூக்கினேன். ஒரு மாதம் தினமும் இப்படியே, நானும் நானே, அவனும் நானே. எனக்கு நன்றாகத்தான் பட்டது.

ஒருநாள் பரிசல்காரர் அக்கரையிலிருந்து சேதி கொண்டுவந்தார். "அந்தம்மா சொல்லச் சொன்னாங்க. 'ஒரு மாசமா ஒருத்தருதான் வாசிக்கறாருன்னு தெரியுது. அண்ணனுக்கு எதுக்குச் சிரமம், போதும்'னாங்க."

இப்போது அந்த வளைவில் செல்போன் நன்றாக எடுக்கிறது. அந்த அம்மாள் மகளோடு மைசூருக்குப் போய்விட்டாள். எனக்கு முன்பற்கள் போய்விட்டன, இனி ஊத முடியாது. அவள் 'போதும்' என்று சொல்லியனுப்பிய அன்றுதான் சிவண்ணா செத்தான் என்று நான் அழுதேன்.